புழுவின் வாயும் வாலும்

காலிசெரா ரூஃபா என்பது பைன் காடுகளில் வாழும் ஓர் ஈ. உடலெங்கும் செம்பொன் நிற மயிர் அடர்ந்திருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்கள் தேனீ என்றே நினைப்பார்கள். ஸ்காட்லாந்தில் இது மிக அரிய பூச்சி என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். வலையோடு காட்டுக்குப் போன பூச்சியியலாளர்கள் எப்போதாவது ஒன்றைப் பார்த்தால் உண்டு. 1980களின் இறுதியில் கிரஹாம் ராதரே என்ற ஆய்வாளரும் மலாக் சொசைட்டி என்ற சிறு குழுவாகக் கூடிய அவருடைய நண்பர்களும் தேடும் வழியை மாற்றினார்கள். ஈயை விட்டுவிட்டு அதன் புழுவைத் தேடினார்கள். பைன் மரத்தின் கவட்டிலும் உச்சி முறிந்த இடத்திலும் மழைநீர் தேங்கி, உள்மரம் அழுகிக் குழம்பாகிக் கிடக்கும் பொந்துகளைத் துழாவினார்கள். அந்தக் குழம்புக்குள் புழுக்கள் இருந்தன. பழைய பைன் காடுகள் பலவற்றில் இருந்தன. அரிய பூச்சி என்று எழுதிவைத்தது, தேடக் கூடாத இடத்தில் தேடியதால் வந்த முடிவு.

ஈயாக அது வாழ்வது கோடையில் சில வாரங்கள்தான். அதையும் மர உச்சிகளில், நம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் கழித்துவிடுகிறது. புழுவாகவோ ஆண்டுக்கணக்கில் பொந்துக்குள் கிடக்கிறது. உண்பதும் வளர்வதும் பனிக்காலத்தைத் தாங்குவதும் அங்கேதான். சிறகு முளைத்த பருவம் இணை சேரவும் முட்டையிடவும் வேறு மரம் தேடிப் போகவும் மட்டுமே. பட்ட மரத்தை நம்பி வாழும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்க்கைக் கணக்கு இப்படித்தான். அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புழுவைப் பார்க்க வேண்டும்; புழுவைப் பார்ப்பதென்றால் அதன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். அது என்ன தின்கிறது என்பதை முன்முனை சொல்லும். எங்கிருந்து மூச்சு எடுக்கிறது என்பதைப் பின்முனை சொல்லும். எந்த மரத்தில், எந்த அளவு அழுகலில் அது வாழ முடியும் என்பது இந்த இரண்டுக்குள்ளும் அடங்கிவிடுகிறது.

ஈ என்றதும் வீட்டு ஈ மட்டுமே நினைவுக்கு வருவது இயல்பு. உயிரியலில் ஈ இனம் என்பது ஒரே ஒரு சோடிச் சிறகு கொண்ட பூச்சிகள் அனைத்தும். கொசு, பழ ஈ, மாட்டு ஈ, காளானை மொய்க்கும் பொடி ஈ எல்லாம் இதில் அடக்கம். இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இவற்றின் புழுக்களுக்கெல்லாம் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: கணுக்கால்கள் கிடையாது. பட்டாம்பூச்சியின் புழுவுக்கு நெஞ்சுப் பகுதியில் ஆறு கால்கள் இருக்கும்; காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழுவுக்கும் ஆறு உண்டு. ஈப்புழுவுக்கு ஒன்றுகூட இல்லை. உடல் முழுக்க நீர்மம் நிரம்பிய தோல் குழாய் அது. தசைகள் ஓரிடத்தில் இறுக்கினால் நீர்மம் வேறிடத்தில் தள்ளும். அந்த அழுத்தமே எலும்பின் வேலையைச் செய்கிறது. அடிவயிற்றில் வரிவரியாக நுண்ணிய முட்கள் இருக்கும். சில இனங்களில் கொக்கிகள் பதித்த சதைக் குமிழ்கள் கால் போலப் புடைத்து நிற்கும். மரத்தூள் சேற்றுக்குள் நகர இதுவே போதும்; நீண்ட கால்கள் இருந்தால் சிக்கிக்கொள்ளும்.

மரம் நல்ல உணவு இல்லை. செல்லுலோசும் லிக்னினும் சேர்ந்து இறுகிய பொருள் அது. இவற்றைச் சிதைக்கும் நொதிகள் பெரும்பாலான பூச்சிகளிடம் இல்லை. அதைவிடப் பெரிய குறை, புரதம் கட்டத் தேவையான நைட்ரஜன். கட்டையில் அது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பசும் இலையில் இருப்பதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மரத்தை உண்மையில் உண்பவை பூஞ்சைகள்தான். அவற்றின் இழைகள் கட்டைக்குள் பரவிச் செல்லுலோசைக் கரைக்கின்றன. சிதறிக் கிடக்கும் நைட்ரஜனைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஈரம் மிகுந்தால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகுகின்றன. உளுத்த கட்டைக்குள் வாழும் ஈப்புழுக்களில் பெரும்பாலானவை இந்த நுண்ணுயிர்களைத்தான் தேடித் தின்கின்றன. மரம் அவற்றுக்கு வீடு. உணவு அந்த வீட்டில் வளரும் வேறு உயிர்கள்.

இனி முன்முனைக்கு வருவோம்.

கொசுவின் உறவினர்களான பூஞ்சை ஈக்களின் புழுவுக்கு முழுத் தலை உண்டு. வெள்ளை உடலின் நுனியில் கறுப்பாகப் பளபளக்கும் சிறு மணி அது. பக்கவாட்டில் அசைந்து கடிக்கும் தாடைகள் அதில் இருக்கின்றன. காளான் சதையையும் கட்டையில் படர்ந்த பூஞ்சை இழைகளையும் அது கடித்துத் தின்கிறது. நீண்ட கால்களோடு விளக்கைச் சுற்றிவரும் கிரேன் ஈயின் புழுவுக்குத் தலை பாதிதான் கெட்டிப்பட்டிருக்கும். பின்பாதி திறந்து, தேவைப்பட்டால் நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் சீப்பு போன்ற உணர்கொம்புள்ள டெனோபோரா இனங்கள் பழைய அகன்ற இலை மரங்களின் மக்கிய கட்டைக்குள் வளர்கின்றன. கட்டையையே மென்று விழுங்கும் சிலவற்றில் இவையும் அடக்கம்.

வீட்டு ஈயும் ஹோவர்ஃப்ளை எனப்படும் மலர் ஈக்களும் சேர்ந்த பெரும் பிரிவில் புழுவுக்கு வெளியே தெரியும் தலையே இல்லை. கூரிய முனை ஒன்று இருக்கும்; அவ்வளவுதான். தலை எங்கே போயிற்று என்று பார்க்க உயர்ந்த கருவி வேண்டாம். அழுகிய பழத்தில் நெளியும் சாதாரணப் புழு ஒன்றைச் சொட்டு நீரில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பார்த்தால் போதும். தோல் கண்ணாடி போல் இருப்பதால் உள்ளே கறுப்பான எலும்புக்கூடு போன்ற ஒன்று முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டிருப்பது தெரியும். முன்னால் இரண்டு கொக்கிகள். அவற்றுக்குப் பின்னால் சிறு இணைப்புத் துண்டு. அதற்கும் பின்னால் பள்ளமான பெரிய தட்டு. தலை முழுவதும் உடலுக்குள் மடிந்து இந்த உறுப்பாகிவிட்டது. கொக்கிகள் பக்கவாட்டில் கடிப்பதில்லை, மேலிருந்து கீழாகப் பிறாண்டுகின்றன. ஒவ்வொரு முறை அந்தக் கறுப்புச் சட்டம் முன்னால் பாயும்போதும் உணவுக் குழம்பு கிளறப்படுகிறது. பின்வாங்கும்போது உள்ளே உறிஞ்சப்படுகிறது.

அந்தப் பள்ளத் தட்டுதான் இந்த உடலின் உன்னதமான பகுதி. அதன் அடித்தளத்தில் நீளவாக்கில் வரப்புகள் ஓடுகின்றன. குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வரப்பும் மேலே இரண்டாகப் பிரிந்து கிளைத்திருக்கும். மேல்கூரையைத் தசைகள் தூக்கும்போது குழம்பு உள்ளே வருகிறது; கூரை தாழும்போது நீர் வரப்புகளின் இடுக்கு வழியே வெளியேறுகிறது, பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் மேலேயே தங்கிவிடுகின்றன. சோறு வடிக்கும்போது கஞ்சி இறங்கிப் பருக்கை நிற்பதைப் போன்றதுதான் இது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவே உள்ள இடத்தில் இந்த வடித்தல் ஓயாமல் நடக்கிறது. நீர்த்துப்போன கழிவிலிருந்து கெட்டியான உணவுக் கவளத்தை இந்தப் புழு தானே தயாரித்துக்கொள்கிறது.

இந்த வரப்புகளுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவர் டேவிட் கெய்லின். அழுகலைத் தின்னும் புழுக்களுக்கு வரப்புகள் உண்டு. பிற உயிர்களைக் கொன்று தின்பவற்றுக்கும் பச்சைச் செடியைத் தின்பவற்றுக்கும் பொதுவாக இல்லை. வாயை அறுத்துப் பார்த்தாலே வாழ்க்கை முறை தெரிந்துவிடும் என்பது இதன் பொருள். பின்னாளில் கேம்பிரிட்ஜில் குதிரையின் வயிற்றில் வாழும் ஈப்புழுக்களை ஆராயப் புகுந்த இதே கெய்லின், அந்தத் தடத்திலேயே போய் 1925இல் சைட்டோகுரோம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். நம் உயிரணுக்களில் மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும் வேதிச் சங்கிலியில் சைட்டோகுரோமும் ஒரு கண்ணி. ஈப்புழுவைக் குனிந்து பார்த்த ஒருவரால்தான் உயிர்வேதியியலுக்கு அந்த வாசல் திறந்தது. பயனில்லாத ஆராய்ச்சி என்று எதையும் ஒதுக்கும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

வடித்துத் தின்பவை மட்டுமே கட்டைக்குள் இருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. பட்டையின் அடியில் வேட்டையும் நடக்கிறது. சைலோபேகஸ் என்ற ஈயின் புழுவுக்கு உடல் வெண்மை. தலையோ கரும்பழுப்பில் கூம்பாக, ஈட்டி முனை போலக் கெட்டிப்பட்டிருக்கும். வால் நுனியிலும் ஒரு கெட்டித் தட்டும் கொக்கிகளும் உண்டு. வண்டுப் புழுக்கள் குடைந்த பாதைகளின் வழியே நுழைந்து அவற்றைக் குத்திக் கொன்று உண்கிறது. மெடெடெரா என்ற சிறிய பச்சை ஈயின் புழுக்கள் பட்டை வண்டுகளின் குஞ்சுகளைத் தின்கின்றன. பட்டை வண்டுகள் ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் காடுகளையே பட்டுப்போகச் செய்பவை. அவற்றைக் கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகளில் மெடெடெரா முக்கியமானது என்பதால் வனத்துறையினர் அதை மதிப்போடு பார்க்கிறார்கள்.

கெட்டியான கட்டையையே துளைப்பவை குறைவு, ஆனால் உண்டு. குளவி போல் வேடமிட்ட டெம்னோஸ்டோமா என்ற ஹோவர்ஃப்ளையின் புழு பிர்ச் மரக் கட்டைகளில் சுரங்கம் தோண்டுகிறது. வாய்க்கொக்கிகளால் அதற்கு இயலாது. நெஞ்சின் முன்புறத்தில் இரண்டு சதைமடல்கள் வளர்ந்து, அவற்றின் மேல் கடினமான கொக்கி வரிசைகள் அமைந்திருக்கின்றன. அவற்றால் மரத்தைச் சுரண்டிக்கொண்டே போகிறது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பான்டோப்தால்மஸ் ஈக்கள் இன்னும் ஒரு படி மேலே. உலகின் மிகப் பெரிய ஈக்களில் ஒன்று இது. விரலளவு பருத்த இதன் புழுக்கள் தாடைகளால் உயிருள்ள மரத்தையும் பட்ட மரத்தையும் துளைக்கின்றன. அவை அரைக்கும் ஓசை மரத்தை விட்டுச் சில மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் கேட்கும்.

பின்முனை இதைவிட வியப்பானது. பூச்சிகள் மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே காற்று உள்ளே போய், கிளைவிடும் குழாய்களால் எல்லா உறுப்புகளுக்கும் நேராகச் சேர்கிறது. சேற்றுக்குள் வாழும் புழுவுக்குப் பக்கத் துளைகள் இருந்தால் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஈப்புழுக்கள் பலவற்றில் அவை மூடிவிட்டன. நெஞ்சருகே ஒரு சோடி சிறியதாகவும், வால் நுனியில் ஒரு சோடி பெரியதாகவும் மீந்திருக்கின்றன. தலை குழம்புக்குள் தின்றுகொண்டிருக்க, வால் மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உண்பதை நிறுத்தாமல் மூச்சு விட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நீர் தேங்கிய மரப்பொந்துகளில் வளரும் மயாத்ரோபா, மல்லோட்டா போன்ற ஹோவர்ஃப்ளை புழுக்களிடம் இந்த வால் உச்சத்தை எட்டியிருக்கிறது. எலிவால் புழு என்று இந்த வகையை அழைப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று துண்டுகளாலான குழாய் அது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரெயோமூர் இந்த வகைப் புழுக்களைப் பாத்திரத்தில் வைத்து நீர்மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்த்தார். நீர் உயர உயர வாலும் நீண்டது. இரண்டு சென்டிமீட்டர் புழுவின் வால் உடலைப் போலப் பல மடங்கு நீளக்கூடும். நுனியில் துளையைச் சுற்றி நீர் ஒட்டாத மயிர்கள் விரிந்து நீர்ப்பரப்பில் மிதக்கின்றன. புழு உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அவை ஒன்றாகக் குவிந்து ஒரு காற்றுக் குமிழைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நீரோடைகளில் பாதி அமிழ்ந்து கிடக்கும் கட்டைகளில் வாழும் ஆக்சிமையா என்ற ஈயின் புழுவும் கட்டைக்குள் தலை, வெளியே நீண்ட வால் என்றே வாழ்கிறது. இந்த இரண்டும் நெருங்கிய உறவினர்கள் அல்ல. நனைந்த மரம் இரண்டையும் ஒரே தீர்வுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

நம் ஊரில் மரப்பொந்து நீரில் அதிகம் காணக்கூடியவை கொசுப்புழுக்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களின் பூர்வீக வீடு காட்டு மரங்களின் பொந்துதான். பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் பின்னால் கிடைத்த மாற்று வீடுகள். அவையும் பின்முனைக் குழாயால்தான் மூச்சு விடுகின்றன. அதே பொந்துகளில் டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவின் புழுவும் இருக்கும். மற்றக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்று வளரும் இது, வளர்ந்த பின் இரத்தம் குடிப்பதில்லை. பூந்தேன் குடித்தே வாழ்கிறது.

துளைகளின் அமைப்பை ஆய்வாளர்கள் அடையாளச் சீட்டாகப் பயன்படுத்துகிறார்கள். வால் தட்டில் உள்ள பிளவுகள் நேராக இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா, எத்தனை, எப்படி விரிந்திருக்கின்றன என்பதைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிட முடியும். உடல் சுருங்கி நெளிந்தாலும் அந்தக் கெட்டித் தட்டு மாறுவதில்லை.

இரு முனைகளுக்கும் இடையில் உள்ள தோலுக்கும் கதை உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவே இடமுள்ள சந்தில் வாழும் படைவீர ஈக்களின் புழுக்கள் தட்டையானவை. அவற்றின் தோலில் சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்து, தொட்டால் சொரசொரப்பாகக் கெட்டியாக இருக்கும். உலர்ந்தாலும் தாங்கும், எதிரியின் கடியும் எளிதில் ஏறாது. மெதுவாக நகர்கின்றன, மெதுவாக வளர்கின்றன. கூட்டுப்புழு ஆகும்போதும் இந்தத் தோலைக் கழற்றுவதில்லை, அதற்குள்ளேயே உருமாறுகின்றன.

பட்ட மரம் ஒரே இடமாக நமக்குத் தெரிந்தாலும் புழுக்களுக்கு அது மாறிக்கொண்டே இருக்கும் இடம். மரம் விழுந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் பட்டையின் கீழ் உள்ள இனிப்பான திசு புளித்து, கள் வாடை வீசும் ஈரக் கூழாகிறது. ஆஸ்பென் மரத்தில் இந்தக் கூழைத் தவிர வேறெதிலும் வாழாத ஹாமர்ஷ்மிட்டியா என்ற ஹோவர்ஃப்ளை ஸ்காட்லாந்தில் உண்டு. கூழ் உலர்ந்து பட்டை கழன்றதும் அந்த மரத்தில் அதன் காலம் முடிந்தது. பக்கத்தில் இன்னொரு பருத்த ஆஸ்பென் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மரமாவது இயற்கையாகச் சாயும் அளவுக்குப் பெரிய தோப்பு இருந்தால்தான் இந்த ஈ நிலைக்கும். அதன் பிறகு பூஞ்சை ஊடுருவிய கட்டைக்குப் பூஞ்சை ஈக்கள் வருகின்றன. நார் நாராகப் பிரியும் ஈரக் கட்டைக்குக் கிரேன் ஈக்கள். கடைசியில் மண்ணோடு மண்ணாகும் தூளில் வேறு கூட்டம் குடியேறுகிறது.

இப்படிச் சீக்கிரம் தீர்ந்துபோகும் உணவை மிச்சமில்லாமல் பயன்படுத்த ஒரு சிற்றுயிர் கண்டுபிடித்த வழி, உயிரியலாளர்களையே நம்ப மறுக்கவைத்தது. ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த நிகோலாய் வாக்னர் 1861இல் பட்டுப்போன எல்ம் மரப் பட்டையின் கீழ் சிறிய புழுக்களைக் கண்டார். ஒவ்வொரு புழுவுக்குள்ளும் வேறு புழுக்கள் நெளிந்தன. ஒட்டுண்ணி என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கூர்ந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை அந்தப் புழுவின் சொந்தக் குஞ்சுகள் என்று தெரிந்தது. சிறகு முளைக்காத, இணை சேராத, இன்னும் புழுவாகவே உள்ள தாயின் உடலுக்குள் முட்டைகள் முதிர்ந்து, குஞ்சுகள் அவள் திசுக்களையே தின்று வளர்ந்து, வெறும் தோலாகிவிட்ட அவள் உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. சில நாட்களில் அவற்றின் உடலுக்குள்ளும் இதே நடக்கிறது.

வாக்னர் சொன்னதைப் பலர் உடனே ஏற்கவில்லை. டென்மார்க்கின் ஃபிரடெரிக் மைனெர்ட் 1864இல் தாமே இத்தகைய புழுக்களைக் கண்டு, மியாஸ்டர் என்று பெயரிட்டு எழுதிய பின்தான் ஐயம் நீங்கியது. கொடூரமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் கணக்கு தெளிவானது. பட்டையின் கீழ் பூஞ்சை செழித்திருக்கும் காலம் குறுகியது. ஒரு தாய் ஈ வந்து முட்டையிட்டு, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாகி, மீண்டும் முட்டையிடும் வரை காத்திருந்தால் உணவு தீர்ந்துவிடும். புழுவே புழுவைப் பெற்றால் அத்தனை நாளும் மிச்சம். கூட்டம் நெருக்கமாகி உணவு குறையத் தொடங்கியதும் அதே புழுக்கள் பாதையை மாற்றிக்கொண்டு, கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்துப் புது மரம் தேடிப் பறந்துவிடுகின்றன. மியாஸ்டரின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெடெரோபெசா காளான் பண்ணைக்குள் புகுந்தால் படுக்கைகள் நாசமாவதற்கும் இந்த வேகமே காரணம்.

எந்த வழியில் வளர்ந்தாலும் கடைசியில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வண்டுக்கு வளர்ந்த பிறகும் தாடை உண்டு. கட்டையைக் கடித்து வெளியே வந்துவிடும். ஈக்குக் கடிக்கும் தாடை இல்லை, இருப்பது உறிஞ்சும் குழல். மெல்லிய சிறகோடு கட்டைக்குள் பிறந்தால் அங்கேயே சாக வேண்டியதுதான். அதனால் வெளியேறும் வேலையைப் புழுவோ கூட்டுப்புழுவோ முன்கூட்டியே முடித்துவிடுகிறது. பொந்துகளில் வாழும் ஹோவர்ஃப்ளை புழுக்கள் முதிர்ந்ததும் ஈரத்தை விட்டு ஏறி, உலர்ந்த மரத்தூள் உள்ள இடத்துக்கு வந்து கூடாகின்றன. கிரேன் ஈ, சைலோபேகஸ் போன்றவற்றின் கூட்டுப்புழு அசையாமல் கிடப்பதில்லை. வயிற்று வளையங்களில் பின்நோக்கிய முட்கள் உண்டு. நெளிந்து நெளிந்து சுரங்கத்தின் வாய்க்கு வந்து, பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டு பிளக்கிறது. கோடையில் பழைய கட்டைகளைப் பார்த்தால் இந்த வெற்றுறைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டு ஈயின் வழி வேறு. அதன் நெற்றியில் ஒரு பை இருக்கிறது. இரத்தத்தை அதற்குள் செலுத்தி ஊதிக் கூட்டின் மூடியைத் தள்ளித் திறக்கிறது. மண்ணையோ தூளையோ அதனாலேயே விலக்கி மேலே வருகிறது. பிறகு பை உள்ளே போய், நெற்றியில் ஒரு தழும்பு மட்டும் மீந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமாக ஓரிடத்துக்கென்றே அமைந்த உடல், அந்த இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பைன் ஹோவர்ஃப்ளை என்ற பிளேரா ஃபாலக்ஸ் இதற்குப் பதில் சொல்கிறது. கறுப்பு உடலும் செந்நிற வால்புறமும் கொண்ட இந்த ஈயின் புழு, பருத்த பைன் அடிக்கட்டைகளின் நடுவே நீர் தேங்கிய அழுகலில் வாழ்கிறது. பைன் மரத்தின் வைரத்தை மென்மையாக்கும் ஒரு வேர்ப்பூஞ்சை அந்த அழுகலை உண்டாக்குகிறது. பூஞ்சை ஏற மரம் முதிர்ந்திருக்க வேண்டும். மரத்தொழிலுக்காக வளர்த்து இளமையிலேயே வெட்டும் காட்டில் அத்தகைய அடிக்கட்டை கிடைப்பது அரிது. பிரிட்டனில் இந்த ஈ ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே பள்ளத்தாக்கில் ஓரிரு இடங்களுக்குச் சுருங்கிவிட்டது.

மலாக் சொசைட்டியினர் முதலில் செய்தது எளிய வேலை. வெட்டிய பைன் அடிக்கட்டைகளில் இயந்திர ரம்பத்தால் குழி தோண்டி, அதில் பைன் சில்லுகளையும் தூளையும் போட்டு, மழைநீர் நிரம்ப விட்டார்கள். ஈக்கள் வந்து முட்டையிட்டன. ஆனால் எஞ்சியிருந்தவை மிகக் குறைவு. ஆகவே கெயிர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் உள்ள ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க் என்ற விலங்குப் பூங்காவினர், பைன் சில்லும் நீரும் நிறைத்த ஜாம் பாட்டில்களில் புழுக்களை வளர்க்கத் தொடங்கினார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் பெருகிய புழுக்களை அண்மை ஆண்டுகளில் காடுகளில் தோண்டிய குழிகளில் விட்டார்கள். அவை ஈயாகிப் பறப்பதையும் பார்த்தார்கள். பனிச்சிறுத்தையையும் துருவக் கரடியையும் வைத்திருக்கும் பூங்கா ஓர் ஈயின் புழுவுக்கும் அதே அக்கறையைக் காட்டியது. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காக்க வேண்டிய உயிர்களின் பட்டியலில் புழுவுக்கும் இடம் உண்டு என்பதை அது நடைமுறையில் ஒப்புக்கொள்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டை நெடுங்காலம் ஆராய்ந்த சார்லஸ் எல்டன், விழுந்த மரங்களையும் உளுத்த மரங்களையும் அகற்றிவிட்டால் காட்டின் விலங்கினத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழக்க நேரிடலாம் என்று 1966இலேயே எழுதினார். ஃபின்லாந்தில் பட்ட மரத்தை நம்பியிருக்கும் உயிரினங்கள் 4,000 முதல் 5,000 வரை என்று பின்னர் கணக்கிட்டார்கள். அங்கே காட்டில் வாழும் இனங்களில் அது 20 முதல் 25 சதவீதம். அப்படியிருந்தும் பட்ட மரத்தைப் பார்த்ததும் காட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் இன்னும் பலருக்குத் தோன்றுகிறது. தென்னந்தோப்பில் இது சரியே. மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு பெருகும். அதை அகற்றச் சொல்லும் வேளாண் அறிவுரையைக் கேட்கத்தான் வேண்டும். வீட்டின் மேலோ சாலையின் மேலோ சாயக்கூடிய மரத்தையும் வெட்டியே ஆக வேண்டும். அதே அறிவுரையைக் காட்டு மரத்துக்கும் கோயில் காட்டுக்கும் பூங்காவின் ஒதுக்குப்புறத்துக்கும் நீட்டுவதுதான் பிழை.

பார்க்க விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்த சில நாளில் ஈரம் காயாத பட்ட மரம் ஒன்றிடம் போகலாம். தளர்ந்த பட்டையை உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெல்லத் தூக்குங்கள். முன்முனை கறுத்திருக்கிறதா, வால் நீண்டிருக்கிறதா, உடல் தட்டையா உருண்டையா என்று பாருங்கள். தேளும் பூரானும் அங்கே ஒதுங்கும் என்பதால் வெறுங்கையை நுழைக்க வேண்டாம், ஒரு குச்சி போதும். பார்த்து முடித்ததும் பட்டையை இருந்தபடியே பொருத்தி அழுத்திவிடுங்கள். வெயில் பட்டால் அந்த ஈரம் ஒரே நாளில் உலர்ந்துவிடும்.